வசந்தாவின் கணினியும் நான்காவது காலும்

செய்தி வந்தபோது நான் திருநாவலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்தாயிற்று, ஆசாரி கம்பியைக் கையில் எடுத்தாயிற்று, அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் துடித்தது. எடுக்கவில்லை. குழந்தை அழுது ஓய்ந்து வாயில் சர்க்கரை போட்ட பிறகுதான் எடுத்தேன். வசந்தாவின் மகள் தேன்மொழி பேசினாள். காலையில் அம்மா நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பந்திக் காட்சி பாக்கி இருந்தது. அதை எடுக்காமல் போயிருந்தால், "பந்தி எங்க போட்டோக்காரரே?" என்று கேட்டு மானத்தை வாங்கக்கூடிய ஒரே ஆளான வசந்தா இனி இல்லை. ஆனாலும் பந்தியை எடுத்து முடித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன். தியாகதுருகம் தாண்டியபிறகுதான் அழுகை வந்தது.

நம் மாவட்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர்களுக்கு வசந்தா யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்கும் வேலைக்கு எங்கள் ஊரில் மிக்சிங் என்று பெயர். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டின் முன்னறையில் மிக்சிங் செய்துகொண்டிருந்தவர் வசந்தா. போர்டு கிடையாது. அறையின் ஒரு பக்கம் தையல் மிஷின், மறுபக்கம் அவரே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி. கணவர் லாரியோடு வெளியூரில் இருப்பார். ஜாக்கெட் தைக்க வந்தவர்களும் கல்யாணப் படம் கேட்டு வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

பால் தெளித்த அன்று தேன்மொழி என்னைத் தனியாக அழைத்தாள். காரியத்தன்று அம்மா நடப்பது போல, பேசுவது போல ஒரு வீடியோ போட வேண்டும் என்றாள். "போட்டோ இருக்குது மாமா. ஆனா குரல் எங்கியும் இல்ல. உங்ககிட்ட இல்லாம வேற யாருகிட்ட இருக்கும்?" இருக்கும்மா, எடுத்துத் தருகிறேன் என்று பெரிய மனிதனாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சந்து முனை வருவதற்குள் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டது புரிந்துவிட்டது. ஏனென்றால் வசந்தா எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். எங்காவது தப்பித் தவறிக் கேமராவில் விழுந்திருந்தாலும், மிக்சிங்கில் அவர் முதலில் வெட்டுவது தன்னைத்தான். பத்திருபது வருடமாக ஊரையே படத்தில் வைத்த பெண்ணுக்கு ஒரு நிமிடப் படம் இல்லை. பன்னிரண்டு நாளில் நான் எங்கே போய்த் தேடுவேன்?

தேட ஆரம்பித்ததும் படத்துக்குப் பதில் ஞாபகங்கள்தான் கிடைத்தன.

அந்தக் கணினியின் பெட்டியை அவர் சென்னையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவர். உளுந்தூர்பேட்டையில் வண்டி மாறும்போது கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம். மடியில் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு என்ன டிக்கெட் என்று இவர் கேட்க, பிள்ளைக்கு என்ன வயசு என்று அவர் கேட்க, இன்னும் பிறக்கவே இல்லை, வீட்டுக்குப் போய்த்தான் பூட்ட வேண்டும் என்று இவர் சொல்ல, பஸ்ஸே சிரித்ததாம். இதை வசந்தா சொல்லும்போது கண்டக்டராகவும் அவரே நடித்துக் காட்டுவார்.

பிள்ளைக்கு ஒரே நோய், சூடு. இரண்டு மணி நேரப் படத்தை ஒரே கோப்பாக மாற்றும் வேலையை ரெண்டர் என்போம். அப்போது கணினியின் மூளையான பிராசசர் மணிக்கணக்கில் மூச்சு விடாமல் உழைக்கும். மேலே மே மாத ஆஸ்பெஸ்டாஸ், வெளியே ரோட்டில் காயும் மக்காச்சோளத்தின் தூசி. அளவுக்கு மீறிச் சூடானால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று கணினியையே அணைத்துவிடும். அதுவரை ஓடியதெல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு வசந்தா செய்ததைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள். பெட்டியின் முன்னால் உள்ளே இழுக்க ஒரு விசிறி, பின்னால் வெளியே தள்ள ஒரு விசிறி. "வாசல் மட்டும் வெச்சிட்டா காத்து வராதுங்க, தோட்டத்து கதவையும் தொறக்கணும்" என்பார். முன் விசிறிக்குக் கொசுவலையை வெட்டி, நான்கு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்து, ஜாக்கெட்டுக்கு வைக்கும் பிரஸ் பட்டனால் மாட்டியிருந்தார். தூசி வலையோடு நின்றுவிடும். இப்படி இரண்டு வலை. ஒன்று பெட்டியில் இருக்கும்போது இன்னொன்று துவைத்துக் கொடியில் காயும். கொடியில் பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவில் அந்த உள்ளங்கை அகல வலையைப் பார்த்து, இது எந்தக் குழந்தையின் துணி என்று கேட்டவர்கள் உண்டு.

நான் சீக்கிரம் கோபப்படுகிற ஆள். மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை, மேளக்காரரோடு சண்டை, சமயத்தில் என் ட்ரைபாடோடும் சண்டை. ஒருமுறை அவர் முன்னறையில் உட்கார்ந்து யாரையோ அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன். வசந்தா கணினியிலிருந்து திரும்பவே இல்லை. முடித்ததும் சொன்னார்: "சூடாவறது தப்பு இல்லிங்க. வேல செஞ்சா சூடு வரத்தான் செய்யும். வெளிய போவ வழி இல்லாம உள்ளயே வெச்சிக்கினு இருக்கறதுதான் தப்பு. திட்டி முடிச்சிட்டீங்க இல்ல, டீ குடிச்சிட்டு வாங்க." என் வீட்டில் என்னைக் கல்யாணம் செய்துகொண்டவர்கூட இத்தனை நயமாக என்னைக் கையாண்டதில்லை.

கல்வராயன் மலையில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மானம் சம்பந்தப்பட்டது.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். மாப்பிள்ளை ராணுவத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை கல்யாணம், ஞாயிறு இரவு சேலத்தில் ரயில். படத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டும், அடுத்த லீவு எப்போது கிடைக்குமோ தெரியாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். வசந்தாவும் நானும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டோம்.

சனிக்கிழமை காலை வசந்தா மகளைப் பஸ் ஏற்றிவிடப் போனார். போகும்போது, நான் வருவதற்குள் பெட்டிக்குள் பிரஷ் போட்டுத் தூசி மட்டும் தட்டி வையுங்கள் என்றார். எனக்குக் கை சும்மா இருக்காது. பிராசசரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை உறிஞ்சும் அலுமினியக் கட்டி ஒன்று உண்டு. நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும், ஒவ்வொன்றையும் 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினால்தான் கட்டி பிராசசரோடு ஒட்டி உட்காரும். அதைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது ஆக மூன்று நிமிடம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பம். ராகு காலத்தில் ஒரு பொருளைப் பூட்டினால் விளங்குமா? அவசர அவசரமாக மாட்டி மூடினேன். வசந்தா வந்தபோது ஒன்றும் அறியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அன்று முழுக்கக் கணினி அணைந்து அணைந்து விழுந்தது. இருபது சதவீதத்தில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை. பக்கத்துத் தகட்டைக் கழற்றி மேஜை விசிறியைத் திருப்பி வைத்தோம், பலன் இல்லை. வீட்டுச் சூடுதான் காரணம் என்று வசந்தா முடிவு கட்டினார். என் மனதில் ஒரு மூலை உறுத்தியது. எழுந்துபோய் மேஜை விசிறியை இன்னும் கிட்டத்தில் நகர்த்தி வைத்தேன். ஞாயிறு காலை அவர் ஒரே போடாகப் போட்டார்: "வாங்க, மலைக்கே எடுத்துக்கினு போலாம். அங்க ஜில்லுனு இருக்கும். முடிஞ்ச ஒடனே மாப்பிள்ள கையில குடுத்துடலாம்."

என் பழைய வேனில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பலாமரத்தடியில் பெஞ்சு போட்டு, உள்ளேயிருந்து வயர் இழுத்துக் கணினியை வைத்தோம். காற்று நன்றாகவே ஜில்லென்று வந்தது. விருந்தை எடுப்பதற்காகக் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஓடவிட்டு ஓரமாக வைத்தேன். முப்பது சதவீதத்தில் கணினி மறுபடி அணைந்தது. திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டோம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் மகன் வாசல்படி தாண்ட வேண்டும். பாவம், தன்னால் முடிந்ததைச் செய்யலாமென்று முறத்தை எடுத்துவந்து கணினிக்கு விசிற ஆரம்பித்தார். சற்றுமுன் சாமை புடைத்த முறம். திறந்து கிடந்த பெட்டிக்குள் உமி மழையாகப் பொழிந்தது.

வசந்தா சிரித்தார் பாருங்கள். நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கணினியை நிறுத்தி, உமியைப் பிரஷ்ஷால் தட்டும்போது அந்த அலுமினியக் கட்டியில் விரல் வைத்தவர் அப்படியே நின்றார். பிராசசர் கொதிக்கிறது, அதன் சூட்டை வாங்க வேண்டிய கட்டி மட்டும் எப்படிக் குளிர்ந்து கிடக்கிறது என்று யோசித்தார். கட்டியை லேசாக ஆட்டினார். ஒரு மூலை ஆடியது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"போட்டோக்காரரே, இத்த கழட்டினீங்களா?"

"தொடைக்கத்தான் கழட்டினேன். ஆனா ஒம்போது மணிக்கு ராகு காலம். அதுக்குள்ளயே மாட்டிட்டேன்."

"அப்பிடி சொல்லுங்க. மூணு கால் நல்ல நேரத்துல மாட்டிக்கிச்சி. நாலாவது காலுக்குத்தான் நேரம் பத்தல."

திட்டவில்லை, அவ்வளவுதான் சொன்னார். கூடவே கொண்டுவந்திருந்த நூல்கண்டு டப்பாவிலிருந்து, சூட்டைக் கட்டிக்குக் கடத்தும் பசை டியூபை எடுத்து, பிராசசர் மேல் ஒரு பொட்டு வைத்து, கட்டியை உட்கார வைத்து நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். நான்கு 'டிக்'. நாலு மணி தாண்டிப் பத்தாவது நிமிடம் நூறு சதவீதம் வந்தது. மாப்பிள்ளை பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, பட்டன் போட்டு, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு நாலேகாலுக்குப் படி இறங்கினார். எங்கள் வேனில் ஒரு முழுப் பலாப்பழம் ஏறியது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஸ்டாண்டில் நான் ஓரமாக வைத்த கேமரா. அதை அன்றைக்கு நான் நிறுத்தவே இல்லையே! எடுத்த எதையும் அழிக்காத ஆள் நான். "எல்லாத்தையும் வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்று வசந்தாவே எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். பரண்மேல் இருந்த பழைய ஹார்டு டிஸ்குகளை இறக்கினேன். ஆறாவதில் இருந்தது. பலாமரம், பெஞ்சு, முறம், உமி, வசந்தா. முழுசாகப் பதினோரு நிமிடம். என் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார். இருவரும் மூன்று முறை பார்த்தோம்.

அம்மாவின் கணினியிலேயே செய்யுங்கள் என்று தேன்மொழி பெட்டியை என்னிடம் கொடுத்தாள். தகட்டைத் திறந்து தூசி தட்டி, கட்டியைக் கழற்றித் துடைத்து, புதிதாக ஒரு பொட்டுப் பசை வைத்தேன். மாட்டும்போது மணி பார்த்தேன். ஞாயிறு, மாலை நாலே முக்கால். நல்ல ராகு காலம். அவசரப்படாமல் நான்கு கால்களையும் அழுத்தினேன். நான்கு சத்தத்தையும் காதால் கேட்டுவிட்டுத்தான் மூடினேன். படம் ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. கணினி ஒருமுறைகூட அணையவில்லை.

காரியத்தன்று பந்தல் சுவரில் அதைப் போட்டோம். முறம் வந்தபோது கூட்டம் லேசாகச் சிரித்தது. நாலாவது காலுக்கு நேரம் பத்தவில்லை என்றபோது பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தேன்மொழி அழுதுகொண்டே சிரித்தாள். லாரி ஓட்டும் அவள் அப்பா, இன்னொரு தடவை போடுங்கள் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது கணினி என் மேஜையில் இருக்கிறது. வலைகள் இரண்டும் என்னிடம். ஒன்று பெட்டியில், ஒன்று எங்கள் வீட்டுக் கொடியில். ராகு காலம் பார்ப்பதை விட்டுவிட்டேன், கோபத்தை இன்னும் விடவில்லை, ஆனால் திட்டி முடித்ததும் டீ குடிக்கப் போகிறேன். அந்தப் பதினோரு நிமிடத்தின் கடைசியில் வசந்தா கேமராவின் சிவப்பு விளக்கைக் கவனித்துவிடுகிறார். கையை நீட்டிக்கொண்டு நேராக நம்மைப் பார்த்து வருகிறார். "இன்னாங்க, ஓடிக்கினு இருக்குது? எங்க மூஞ்சி எல்லாம் படத்துல வரக் கூடாது. அத்த வெட்டிடுங்க" என்கிறார்.

வசந்தா, நான் வெட்டவில்லை.