பரணில் ஏற்றிய புழுப்பெட்டி

தேயிலை வந்த பலகைப் பெட்டி அது. உள்ளே நாலு விரல் உயரத்துக்குக் கோதுமைத் தவிடு. காதை அருகில் கொண்டுபோனால் மெல்லிய சரசரப்புக் கேட்கும், பக்கத்து அறையில் யாரோ காகிதம் கசக்குவது போல. முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப் போனேன். பிறகு அடுப்படிக்குள் நுழையும்போதெல்லாம் அதே சத்தம் கேட்கிறதோ என்று பயந்து மேலே பரணைப் பார்ப்பேன்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியும் மேற்கொண்டு படிக்க இடம் கிடைக்காமல், மேல்மலையில் அத்தை வீட்டில் ஒரு வருடம் இருந்தேன். அத்தை என் அப்பாவின் அக்காள். கோதுமையும் பூண்டும் போடுகிற வீடு. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் மாமா பறிப்பு வேலைக்கு ஆடலூர்ப் பக்கம் போய்விடுவார். உழவு, விதைப்பு என்று காட்டுவேலை முழுதும் அத்தை தலையில் விழும். எனக்கோ கையும் காலும் சும்மா இருக்காது. சிறகொடிந்து பாதையில் கிடந்த ஒரு மைனாவைத் தூக்கி வந்தேன். சோற்றைத் தொடவில்லை அது. நெளிகிறதை மட்டுமே கொத்தியது. அட்டுவம்பட்டியில் மட்டக்குதிரை வைத்திருந்த ஒருவரின் தவிட்டு மூட்டையில் மஞ்சள் மஞ்சளாய்ப் புழு கிடந்ததைப் பார்த்து, ஒரு கை அள்ளி மடித்துக்கொண்டு வந்தேன். புழு கூடாகும், கூடு வண்டாகும், வண்டு முட்டையிடும், மறுபடி புழு. பள்ளியில் படித்தது கண்முன் நடந்தது. தவிடு போட்டு, ஈரத்துக்கு ஒரு காரட் துண்டு வைத்தால் போதும். மழைக்காலம் வந்ததும்தான் சிக்கல். குளிரில் புழுக்கள் விறைத்துப்போய் அசையாமல் கிடந்தன. அசையாத புழுவை மைனா திரும்பியும் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் சூடான இடம் ஒன்றுதான்: அடுப்புக்கு நேர் மேலே இருந்த பரண். அங்கே விதைக் கோதுமை இருந்தது. புகை படப்பட விதையில் பூச்சி அண்டாது என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள். கேட்காமலே பெட்டியை மேலே ஏற்றி, மூட்டையை ஒட்டி வைத்தேன். புகை என் புழுக்களைக் கொன்றுவிடுமே என்று ஒரு சாக்கை விரித்துப் பெட்டியையும் மூட்டையையும் சேர்த்து மூடினேன். விதையைக் காத்துவந்த புகையை நானே மறித்தேன் என்பது அப்போது தோன்றவில்லை.

"என்ன புள்ள, பரண்ல பிள்ளையத் தூங்க வச்சிருக்கியா? பொழுதுக்கும் ஏறி எட்டிப் பாக்குற," என்பாள் அத்தை.

"மைனாவுக்குத் தீனி அத்தை."

"தீனிக்கு ஒரு தீனி, அதுக்கு ஒரு சாக்கு. நல்ல சோலிதான் பாக்குற போ."

ஒருநாள் பெட்டியில் புழு குறைந்திருந்தது. சாக்கைத் தூக்கினேன். அதன் அடிப்புறமெல்லாம் கறுப்பு வண்டுகள். மூட்டையின் வாய்க்குள் கையை விட்டேன். கோதுமைக்குள் விரலை ஏதோ உரசி நெளிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, ஏணியிலேயே வெகுநேரம் நின்றேன். கீழே அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை இறக்கித் தவிட்டோடு எரித்தேன். அத்தை கேட்டதற்குப் புழு செத்துப்போச்சு என்றேன். ஆனால் மூட்டைக்குள் போனதை எப்படி எரிப்பது? இருபது விதையை எடுத்து ஈரத்துணியில் முடிந்து என் தலைமாட்டில் வைத்தேன். தினமும் பிரித்துப் பார்ப்பேன். ஒன்பதுதான் முளைத்தது. மற்றவை வெளியே முழுசாக இருந்தன. முளை இருக்கவேண்டிய முனையில் ஊசி குத்தியது போல ஓர் ஓட்டை. மாமா கோபப்பட்டால் சத்தம் போடுகிறவர் இல்லை. நாட்கணக்கில் அத்தையோடு பேசமாட்டார். அத்தை அப்போது வீட்டுக்குள் நடக்கிற நடையே வேறாக இருக்கும். அதை நினைத்தே சொல்வதைத் தள்ளிப்போட்டேன். எட்டு நாள் போயிற்று.

மழை விட்டது. "நாளைக்கு வெள்ளனே ஏர் பூட்டணும். வெரசா விதைய இறக்கு," என்றாள் அத்தை. நான் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவள் முன்னால் பிரித்து வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் விதைகளை விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். "எத்தன நாளாத் தெரியும்?"

"எட்டு நாளா."

"எட்டு நாளும் நான் போட்ட சோத்தத் தின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்க."

எழுந்து அண்டாவை இழுத்து வைத்தாள். அன்று முழுதும் ஓடைத் தண்ணீரை அண்டாவில் நிரப்பி விதையைக் கொட்டி அலசினோம். அரிக்கப்பட்டது மிதக்கும், நல்லது அடியில் தங்கும். குளிரில் விரல்கள் மரத்துப்போயின. மிதந்ததை அள்ளி அள்ளிப் போட்டும் தீரவில்லை. கீழ்க்காட்டுக்கு மட்டுமே விதை தேறியது. மேல்காடு அந்த வருடம் வெறும் மண்ணாகக் கிடந்தது, பாதையில் போகிற எவர் கண்ணிலும் படும்படி. யார் கேட்டாலும் நான் அத்தையின் வாயைப் பார்ப்பேன். "இந்த வருசம் சும்மா கெடக்கட்டும்னு விட்டாச்சுங்க," என்று நகர்ந்துவிடுவாள்.

மைனா பட்டினியில் கத்தியது. அதன் முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலையில் கூண்டருகே அலுமினியக் கிண்ணத்தில் மண்புழுக்கள் நெளிந்தன. "இதக் காட்டுலயே விட்டா தானா வளருது. பரண்ல ஏத்த வேண்டியதில்ல," என்றாள் அத்தை, என் பக்கம் பாராமல்.

பறிப்பு முடிந்து மாமா திரும்பினார். கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததும் கேட்டார்: "மேக்காடு ஏன் வெறுசாக் கெடக்கு?"

சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே அத்தை சொன்னாள்: "தண்ணி பத்தல."

வீட்டுக்குப் பின்னால் ஓடை இரைந்துகொண்டு ஓடியது. அந்த இரைச்சலில் அவள் சொன்னதே சரியாகக் கேட்கவில்லை. மாமா சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினார். பிறகு கூண்டைப் பார்த்தார். பிறகு என்னை. அதன்பின் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டார். அன்று இரவும், மறுநாளும், அதற்கடுத்த நாளும் அத்தையோடு அவர் பேசினாரா என்று ஒட்டுக்கேட்டபடியே இருந்தேன். பேசினார், எருவைப் பற்றி, மாட்டைப் பற்றி.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். விடுமுறைக்கு அங்கே போனால் மேல்காட்டில் உருளைக்கிழங்குச் செடி முழங்கால் உயரம் நிற்கிறது. மாமாவுக்கு எவ்வளவு தெரியும் என்று அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கத்தான் இன்னும் பயமாக இருக்கிறது.