படலுக்குப் போன எர்த்துக் கம்பி

மோட்டார் ரூமில் முனி குடியிருக்குமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். 1978-இல் ராசிங்காபுரத்தில் பெரிய மனிதர்களே அப்படித்தான் சொன்னார்கள். அதில் ஒச்சம்மாளின் புருஷன் செத்தான்.

ஒச்சம்மாள் போடியில் ஏலக்காய் பொறுக்கப் போகிறவள். புருஷன் சோணை, வெள்ளைத்துரையின் தோட்டத்தில் கிணற்று மோட்டார் போடுகிறவன். மார்கழியிலிருந்தே ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது.

"அண்ணே, வயர்மேனக் கூட்டியாங்க" என்று மூன்று தடவை சொன்னான். வெள்ளைத்துரை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடேய், கெணத்தடி முனி உள்ள வந்து உக்காந்துருக்குடா."

பெட்டிக்குச் சந்தனம் பூசினார்கள். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்கள். வெள்ளிதோறும் தரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். வெறுங்கால், ஈரத்தரை, கசியும் கரண்டு. ஒரு மனிதனைக் கொல்ல வேறென்ன வேண்டும்? மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சோணை கருகிய கையோடு கிடந்தான். "செருப்போட ஏறியிருப்பான், முனி அடிச்சிருச்சு" என்று செத்தவன் மேலேயே பழியைப் போட்டு, ஒரு கிடாயும் வெட்டினார்கள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் மோட்டார் போட அழைக்கப்பட்டவன் ஒச்சம்மாளின் தம்பி சுருளிவேல். அவள் ஓடிப்போய் மோட்டார் ரூம் வாசலை மறித்து நின்றாள், காலில் செருப்போடு.

"ஏத்தா, வழிய விடு. பயிரு காயுது" என்றார் வெள்ளைத்துரை.

"காயட்டும். முனி ஒங்க சொந்தக்காரந்தானே? செருப்பக் கழட்டிட்டு நீங்களே போயித் தொடுங்கண்ணே. நாங்க வெளிய நின்னு கும்பிட்டுக்கிறோம்."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளைத்துரை ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. அத்தனை பக்தி!

ஒச்சம்மாள் ஆள் அனுப்பியதில் மத்தியானம் போடியிலிருந்து வயர்மேன் பால்பாண்டி வந்தார். கம்பத்திலேயே லைனை நிறுத்திவிட்டு உள்ளே போனார். பெட்டிக்குள் ஒரு வயர் தோலுரிந்து கிடந்தது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய எர்த்துக் கம்பியையே காணோம்.

"கசியுற கரண்டு அது வழியாத்தான் மண்ணுக்குப் போகணும். கம்பி எங்கண்ணே?"

வெள்ளைத்துரை தலையைக் குனிந்தார். தோட்டத்து வேலிப் படலைக் கட்ட அதை அறுத்தெடுத்தவர் அவர்தான்.

"படலு கட்ட ஒரு கயிறு கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்றாள் ஒச்சம்மாள்.

வயரை மாற்றிப் புதுக் கம்பி இறக்கும்வரை அவள் வாசலை விட்டு நகரவில்லை. சுருளிவேல் உயிரோடு வீடு திரும்பினான்.

உங்கள் மோட்டார் பெட்டியோ வீட்டுச் சுவரோ சுர்ரென்று இழுத்தால் கும்பிடாதீர்கள். தொடாதீர்கள், கூலிக்காரனையும் தொடவிடாதீர்கள். இன்றே வயர்மேனை அழைத்து எர்த்துக் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.