கொடியில் காய்ந்த பச்சை லுங்கி

மூன்று வருஷத்துக்கு முன்னால், பனி இன்னும் முழுசாக விடாத ஒரு மாசி அமாவாசை அன்று, நானும் என் வீட்டுக்காரரும் கோலார் தங்கவயலுக்குச் சுற்றுலா போனோம். சுற்றுலா என்பது தெருவில் கேட்டவர்களுக்குச் சொன்னது. உண்மையில் நாங்கள் போனது வேவு பார்க்க.

குடியாத்தத்தில் எங்களுக்கு விசைத்தறி. கட்டம் போட்ட லுங்கி ஓட்டுகிறோம். மாதம் பூராவும் கடகடவென்று அடிக்கும் தறி எங்கள் வீட்டில் அமாவாசைக்கு மட்டும்தான் நிற்கும். நல்லது, கெட்டது, ஆஸ்பத்திரி, கல்யாணம் விசாரிப்பது எல்லாம் அந்த ஒரு நாளில்தான் முடித்தாக வேண்டும்.

விஷயம் எங்கள் மகளைப் பற்றியது. அப்போது அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஷூவைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. வந்த வரன்களையும் அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் அதிகம் பேசுகிறான், ஒருத்தன் பேசவே மாட்டேன் என்கிறான் என்று ஏதாவது ஒரு குறை. தங்கவயல் பையன் வரன் சொந்தக்காரர் மூலமாக வந்தது. பெங்களூரில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறான். போட்டோவில் அவனும் அவன் அம்மாவும் நின்றிருந்தார்கள். போனில் ஒரே ஒரு தடவை பேசினாள். பேசி முடித்து வந்து, "எனக்கு ஓகேமா. நீங்க பாத்து சொல்லுங்க" என்றாள். என் பெண் வாயிலிருந்து ஓகே என்று வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஊரை நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

தங்கச் சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிறது. மூடிப்போன ஊர், பாதி வீடு பூட்டிக் கிடக்கும், தண்ணீர் கிடையாது, சாயங்காலமானால் ஆள் நடமாட்டமே இருக்காது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தரும் அங்கே போனதில்லை என்பது வேறு விஷயம். "மூடின ஊர்ல போயி பொண்ணக் குடுப்பாங்களா?" என்று நான் இரண்டு நாள் புலம்பினேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர், "பொலம்பாத. அமாவாசைக்குப் போயி கண்ணால பாத்துட்டு வரலாம்" என்றார்.

முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், பெண்ணைப் பெற்றவர்கள் சத்தம் போடாமல் மாப்பிள்ளை ஊருக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். எல்லாரும் செய்வார்கள், ஆனால் மாட்டிக்கொள்ளக் கூடாது. மாட்டினால், "எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்று அவர்கள் முறுக்கிக்கொள்வார்கள். என் நாத்தனார் மகளுக்கு வந்த நல்ல இடம் அப்படித்தான் கைவிட்டுப் போனது. அதனால் பஸ்ஸில் ஏறும்போதே அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "அங்க வந்து நீங்க வாயே தொறக்கக் கூடாது. பேசறதெல்லாம் நான் பேசிக்கிறேன்."

பேரணாம்பட்டு தாண்டி மலைப்பாதை ஏறி, வி.கோட்டை வழியாக ஆந்திராவை ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு, கர்நாடகத்தில் போய் இறங்கினோம். சொன்ன பொய் பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று முதலில் கோடிலிங்கத்தைப் பார்த்தோம். திரும்பின பக்கமெல்லாம் லிங்கம். சின்னதும் பெரியதுமாக, வயலில் நாற்று நட்ட மாதிரி. அங்கிருந்து பேத்தமங்கலம் ஏரிக்குப் போனோம். தண்ணீரே கிடையாது என்று சொன்ன ஊர்ப் பக்கத்தில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அவர் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வந்த வேலையை மறந்துவிடக் கூடாதே என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மலைதான். மலை என்றால் பாறை மலை இல்லை. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண். சைனைட் மலை என்கிறார்கள். சாம்பல் நிறத்தில் மழை கீறிய கோடுகளோடு நீள நீளமாகக் கிடக்கிறது. நடுநடுவே சுரங்கத்துக்கு ஆள் இறக்கிய இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. ஆனால் ஜனங்கள் பேசுவது நம்ம தமிழ். ஆட்டோக்காரர், "எந்த லைனுக்குப் போவணும்மா?" என்று கேட்டதும் எனக்குக் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளை அங்கே லைன் என்கிறார்கள்.

பையன் வீடு இருக்கும் லைனுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி நடந்தோம். ஓரத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுக்கலாம் என்று நான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் வந்தவரைக் காணோம்.

ஒரு வீட்டு வாசலில் கட்டியிருந்த கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொடியில் ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கி காய்ந்தது. இவர் அதன் ஓரத்தைப் பிடித்து, புரட்டி, உள்பக்கத்தை வெயிலில் காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தறிக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் இடுப்பில் இருக்கும் லுங்கியையே ஓரம் பிடித்துப் பார்க்கிற மனுஷன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னாங்க பண்றீங்க? வாங்க இப்படி!"

"இந்தா, இதப் பாரு. இது நம்ம பீஸு."

"நம்ம பீஸா இருந்தா இன்னா? ஊரு பூரா வித்திருக்கும். வாங்க."

"இல்லமே. ரெண்டு பச்சை ஓடியிருக்குது, பாரு."

பார்த்தேன். நிஜம்தான். கொஞ்ச நாளைக்கு முன்னால் பாதியில் பச்சை நூல் தீர்ந்துபோய், வேறு சாயத்துப் பச்சையைப் போட்டு ஓட்டியிருந்தோம். வெளியாட்கள் கண்ணுக்குத் தெரியாது, எங்களுக்கு உறுத்தும். அந்தப் பீஸ்களைக் கடைக்கு அனுப்பவில்லை. குறையைச் சொல்லி வீட்டிலேயே சில்லறையாகக் கொடுத்தோம். வீட்டை விட்டுப் போன சரக்கு எப்படி இரண்டு மாநில எல்லை தாண்டி இங்கே வந்தது? அவ்வளவுதான், எனக்கும் வியாதி தொற்றிக்கொண்டது. நானும் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, இது முதல் தறியா, ஜன்னல் ஓரத்துத் தறியா என்று வாக்குவாதம்.

"யோவ்! யாருய்யா அது? கொடியில இன்னாய்யா கை வெக்கிற?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா கையில் கரண்டியோடு வந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் லைன் முழுக்கக் கதவு திறந்தது. பாதி வீடு பூட்டிக் கிடக்கும் என்று சொன்னார்களே, அந்தப் பாதியிலிருந்தும் ஆள் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

"போன வாரம் எங்க போர்வை காணாமப் போச்சு. இவங்கதான் போல."

"எந்த ஊரு நீங்க? இங்க யாரப் பாக்க வந்தீங்க?"

"டூர் வந்தோம்மா" என்றேன்.

"டூர் வந்தவங்க கோவிலப் பாக்கணும், மலையப் பாக்கணும். லைன்ல லுங்கியா பாப்பீங்க?"

ஒருத்தர் போலீசுக்குப் போன் போடலாம் என்றார். பையன் வீட்டார் பெயரைச் சொன்னால் இந்த நிமிஷமே தப்பிக்கலாம். சொன்னால் என் பெண் முதல் முதலாக ஓகே சொன்ன இடம் அத்தோடு போச்சு. லுங்கித் திருட்டில் பிடிபட்ட சம்பந்தியை யார் சேர்த்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால் ஸ்டேஷன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். வாயே திறக்கக் கூடாது என்று நான் சொன்னதை அப்போதுதான் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். போட்டோவில் பையன் பக்கத்தில் நின்ற அதே அம்மா. தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டே என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த லுங்கி ஓரத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"இன்னாக்கா, இவங்களப் போயி புடிச்சி வெச்சிருக்கீங்க? நம்ம வூட்டுக்கு வந்தவங்க. வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டாங்க" என்று கரண்டிக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "வாங்க அண்ணி. வெயில்ல நிக்காதீங்க."

நாங்கள் யாரென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சம்மதமா என்று எங்களுக்கும் தெரியாது. ஊரே கூடி நின்ற இடத்தில் இரண்டு திருடர்களைத் தன் வீட்டு மனுஷர்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

வீட்டுக்குள் போனதும் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "எங்கள எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"பொண்ணு போட்டோவுல அச்சு அசலா உங்க மூக்கு. அப்புறம் லுங்கிய உள்பக்கம் திருப்பிப் பாக்கிறவரு குடியாத்தத்துக்காரரா இல்லாம வேற யாரா இருப்பாரு?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "பொண்ணப் பெத்தவங்க விசாரிக்க வராம இருந்தாத்தான் எனக்குக் கவலையா இருந்திருக்கும். நல்லா பாருங்க" என்று சமையலறை, குளியலறை, பின்பக்கத்துத் தொட்டி எல்லாவற்றையும் காட்டினார். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. அவருடைய வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வந்தவர் என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்கு முந்தின மாதம் எங்கள் வீட்டுக்கு லுங்கி வாங்க வந்து, அரை நாள் உட்கார்ந்திருந்த அதே ஆள்! இரண்டு லுங்கி வாங்குவதற்கு மூன்று டம்ளர் மோர் குடித்தார். எத்தனை பிள்ளைகள், பெண் என்ன படித்தாள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்றெல்லாம் கேட்டார். லுங்கி வாங்க வந்தவருக்கு எதற்கு இந்த ஊர்க்கதை என்று அவர் போனபிறகு நான் திட்டியதும் ஞாபகம் வந்தது.

வாய் திறக்கக் கூடாத என் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். "அப்ப அந்த லுங்கி உங்களுதா?"

"ஆமா. எங்க வாசல்ல வெயில் கம்மி. அதான் அங்க போட்டிருந்தாங்க" என்று அவர் தலையைச் சொறிந்தார். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் கரண்டிக்கார அம்மா மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்தபின் அந்த அம்மா சொன்னார். "அன்னிக்கு இவரு லுங்கியக் கொண்டாந்து வெச்சிட்டு, 'ரெண்டு பச்சை ஓடியிருக்குது, பாத்துக்கோங்கன்னு அவங்களே காட்டினாங்க. கொறைய மறைக்காத வூடு'ன்னாரு. எனக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சி. உங்களுக்கு இன்னா தெரியணுமோ கேளுங்க."

நான் கேட்டே விட்டேன். "ஊரு மூடிப்போச்சுன்னு சொல்றாங்களே, அண்ணி."

"மூடினது சுரங்கம். ஊர யாரு மூடினா?"

சாயங்காலம் அந்த அம்மாவே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சைனைட் மலைக்கு எதிரே இருந்த பாறை மேட்டில் உட்காரவைத்தார். வெயில் இறங்க இறங்க அந்தச் சாம்பல் மண் மஞ்சளாகி, அப்புறம் செம்மண் நிறத்துக்கு வந்தது. கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பெங்களூர் போன ஜனங்கள் ஸ்டேஷனிலிருந்து பையை மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள்.

"அழகா இருக்குதுன்னு நெனைக்காதீங்க" என்றார் அவர். "காத்துக் காலத்துல அந்த மண்ணு பூரா வூட்டுக்குள்ளதான். துணி காயப்போட முடியாது, பேஜாரு. தண்ணி தெனமும் வராது, புடிச்சி வெக்கணும். எம்பையன் விடியறதுக்கு முன்ன ரயிலேறினா ராத்திரிதான் வருவான். ஞாயித்துக்கெழமை எழுப்பினா கோவம் வரும். இப்பவே சொல்லிட்டேன்."

இவ்வளவு சொன்னபிறகு நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? "எம்பொண்ணுக்கும் கோவம் ஜாஸ்திதான். சமையல் ரொம்பக் கம்மி. எது குடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லுவா. வேலைக்குப் போறத நிறுத்தச் சொன்னா ஒத்துக்க மாட்டா" என்றேன். "ஏன் நிறுத்தணும்? ரெண்டு பேரும் ஒண்ணா ரயிலேறட்டும்" என்றார் அவர். ஆண்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்று, எங்களைப் பார்க்காத மாதிரி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வைகாசியில் கல்யாணம் முடிந்தது. மகள் இப்போது பெங்களூரில் ஒரு தோல் பை கம்பெனியில் அதே குவாலிட்டி வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் இரண்டு பேரும் ரயிலேறிவிட்டு, சீட் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று எனக்குச் சண்டையோடு போன் போடுவார்கள். தண்ணீர் வரவில்லை என்றும் சொல்வாள், மண் பறக்கிறது என்றும் சொல்வாள். ஆனால் "முன்னாடியே சொல்லலியே" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெருமையைப் பேசி முடித்த கல்யாணங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்; இருக்கிற குறையை எல்லாம் முதல் நாளே மேட்டில் உட்கார்ந்து கொட்டி முடித்ததால்தானோ என்னவோ, அந்த வீட்டை நினைத்து நான் இன்றைக்கும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.