குருபரப்பள்ளியில் ஏப்பம் அளந்த நாள்

காலை ஏழே கால் மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துவிட்டு, மாட்டு ஏப்பம் அளக்கக் கிளம்பினேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அந்த ஏப்பத்தில் வெளியேறும் மீத்தேனும் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு மாடு எவ்வளவு மீத்தேன் விடும் என்பதற்கு எங்கள் ஆய்வுப் பட்டியலில் கிருஷ்ணகிரி மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண்தான். மூக்கண்டப்பள்ளி மாடு சந்தையில் கழித்த முட்டைக்கோஸ் தின்கிறது, போச்சம்பள்ளி மாடு கடலைக்கொடி தின்கிறது. இரண்டுக்கும் ஒரே ஏப்பமா? அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஒன்பது மணிக்குக் குருபரப்பள்ளி. சுமார் நாற்பது கிலோமீட்டர். நான் அளக்கப்போகும் மாட்டின் சொந்தக்காரர் ஸ்டெல்லா, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஊரே வைக்கோல் போட, இவர் மட்டும் அரை ஏக்கரில் தீவனப்புல்லும் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமும் வளர்த்து மாட்டுக்குப் போடுகிறார்.

"ஏப்பமாப் போறது பாலாகாத தீனின்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இன்னிக்கு ஒண்ணும் தெரியலைன்னா, எங்க வீட்டுக்காரரு புல்ல அழிச்சுட்டுத் தக்காளி வெச்சிருவாரு."

முதலில் பக்கத்து வீட்டு முனியப்பனின் வைக்கோல் மாடு. அது சாதுவாக நின்றது. ஒரு மீட்டர் தள்ளி நின்று மூக்குக்கு நேரே மீத்தேன் அளக்கும் கருவியைப் பிடித்தேன். திரையில் கோடு மளமளவென்று ஏறியது.

ஸ்டெல்லாவின் மாடோ என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றியது. நாலு நிமிடம் அசையாமல் நின்றால்தான் கணக்கு. பதினோரு மணிவரை போராடியும் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. மாலைக்குள் கருவியைப் பெங்களூரில் ஒப்படைக்க வேண்டும். முனியப்பன் வேலியில் சாய்ந்து, "பூங்கா வளத்தா மாடு இப்பிடித்தான் துள்ளும்" என்றார்.

ஸ்டெல்லா என் வெள்ளைச் சட்டையையே பார்த்தார். "ஊசி போடுற டாக்டருன்னு நெனைக்குது சார்." உள்ளே போய்ப் பழைய நீலக் கம்பெனிக் கோட்டை எடுத்துவந்தார். "நான் பால் கறக்கறப்ப போடுறது. மாட்டிக்கங்க."

மாட்டிக்கொண்டேன். கை முழங்கைவரைதான் வந்தது. மார்பில் அவர் பெயர். மாடு கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நின்று அசைபோட ஆரம்பித்தது. நாலு நிமிடம். திரையில் கோடு, முனியப்பன் மாட்டுக்கு எழும்பியதில் பாதிக்கு மேல் எழும்பவே இல்லை. மறுபடி அளந்தேன், அப்படியேதான். பால் கூடுதலாகக் கறப்பதும் இந்த மாடுதான். ஒரு மாட்டை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, தெரியும். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

என் சொந்த ஊர் தஞ்சாவூர்; அங்கே எங்கள் தொழுவங்களில் வைக்கோலைத் தவிர வேறெதையும் நான் யோசித்ததில்லை. ஊருக்குப் போனதும் முதலில் எங்கள் மாட்டை அளக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு நான் கிளம்பும்போது முனியப்பன் வேலியைச் சுற்றி வாசல் வழியாகவே வந்தார்.

"ஏம்மா, நடறதுக்கு அந்தப் புல்லுக் கரணை கொஞ்சம் கெடைக்குமா?"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "வாங்கண்ணா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கணு இருக்கணும், பாத்து வெட்டித் தர்றேன்."