செங்கொடி துடைத்த கல்

எம்.கே.பி. நகரில் எங்கள் பிளாக்கில் இருக்கிற செங்கொடியை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள். காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

தண்டையார்பேட்டையில் சங்கரநாராயணன் என்பவரின் மார்பிள் குடோன். நான் அங்கே லோடு இறக்குகிறேன். செங்கொடி கூட்டிப் பெருக்குவாள், டீ வாங்கி வருவாள். துறைமுகத்தில் கால் நசுங்கிப்போன புருஷனுக்கும் இரண்டு பெண்களுக்கும் அவள் சம்பளம்தான் சோறு.

முதலாளி மேசைமேல் ஒரு கால்சைட் கல் உண்டு. தேன் நிறம், கூர்கூரான முனைகள், முகம் தெரிகிற பளபளப்பு. வருகிறவர்களிடமெல்லாம் அதன் கதையை அளப்பார். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது லேசாகப் புளிப்பேறி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு போகுமாம். பாறைக்குள் இருக்கிற பொந்தில் அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து இப்படி வளருமாம். ஆயிரமாயிரம் வருஷம் ஆகுமாம். கதை கேட்டவர்களுக்கு டீ கொடுத்ததெல்லாம் செங்கொடி. அவளிடம் மட்டும் அவர் அந்தக் கதையைச் சொன்னதில்லை. வேலைக்காரிக்கு எதற்கு என்ற திமிர்தான், வேறென்ன?

போன வாரம் மார்பிள் வாங்க ஒரு பெரிய பார்ட்டி வருவதாக இருந்தது. "கல்லு கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று முதலாளி செங்கொடிக்கு உத்தரவு போட்டுவிட்டு வெளியே போனார்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர். குழாயிலும் வாளியிலும் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டிவிடும். அதைப் போக்க வீட்டுக்கு வீடு ஆசிட் பாட்டில் வைத்திருப்போம். செங்கொடியும் குடோனில் இருந்த ஆசிட்டை எடுத்துக் கல்மேல் ஊற்றினாள். நுரை பொங்கியது. அழுக்குப் போகிறதென்று நம்பி இன்னும் ஊற்றினாள். போனது அழுக்கல்ல, கல்லேதான். குழாயில் படிகிற பொறுக்கும் அதுவும் ஒரே சுண்ணாம்புதானே, ஆசிட் இரண்டையும் தின்னும்.

முதலாளி திரும்பி வந்தபோது கல் மழுங்கி, பூத்துப்போன கண் மாதிரி இருந்தது.

"அறிவு கெட்டவளே! எத்தனை ஆயிரம் வருஷத்துப் பொருள் தெரியுமா? நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே!"

செங்கொடி அழவில்லை.

"வர்றவன் போறவனுக்கெல்லாம் கத சொன்னியே சார். தெனம் தொடைக்கிறவ நானு. ஆசிட் ஆவாதுன்னு எங்கையில ஒரு வார்த்த சொல்லிகீறியா?"

அவர் மேசையில் வழிந்து கிடந்த நுரையைக் காட்டினார்.

"போறதுக்கு முன்னாடி இதைத் தொடைச்சிட்டுப் போ."

செங்கொடி துணியைப் பிழிந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இனிமே நீயே தொடச்சிக்கோ சார்."