செங்கமலம் நிமிர்ந்து நின்ற படம்

சிறுவாச்சூர் மெயின்ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்விக்குக் கர்வம் கொஞ்சம் ஜாஸ்தி. இருக்கட்டுமே! பழைய இரும்புக் கடையில் கிடந்த ஃபிலிம் கேமராவைப் பிரித்து, காய்ந்த எண்ணெயைத் துடைத்து, பல்சக்கரங்களை மறுபடி ஓடவைத்தவள் அவள். அதற்குப் பேட்டரியே கிடையாது.

"போன்லயே எடுக்கலாம்ல?" என்று டீக்கடைக் கண்ணையன் கிண்டலடித்தால், "இதை நானே பிரிச்சு மாட்டுவேண்ணே. உங்க போனை நீங்க பிரிப்பீங்களா?" என்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் அம்மா செங்கமலத்தின் படம் ஒன்றுகூட இல்லை. நாற்பது வருஷம் ஊரார் காட்டில் குனிந்து வெங்காயம் பிடுங்கியவர். போனில் எடுத்தால் உடனே வாங்கிப் பார்த்து, "கூனிக் கெடக்குறேன், அழிச்சுடு" என்பார். அழிக்கும்வரை விடமாட்டார்.

இந்த வருஷம் சொந்தமாக வாங்கிய அரை ஏக்கரில் முதல் அறுவடை. இன்றாவது அம்மாவைப் படம் பிடித்துவிட வேண்டும் என்று வெற்றிச்செல்வி கேமராவோடு போனாள். செங்கமலம் பட்டுச்சேலை கட்டி நின்றார். முதல் படம் எடுத்ததுமே கையை நீட்டினார்.

"எங்க, காட்டு."

"இதுல பாக்க முடியாதும்மா. ஃபிலிமைக் கழுவித்தான் பாக்கணும்."

"அப்ப எப்படி அழிக்கிறது?"

"அழிக்க முடியாது."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

மீதிச் சுருளில் காட்டையும் அறுவடையையும் நெடுநேரம் எடுத்து, சுருளுக்குரிய முப்பத்தாறு படமும் முடிந்தும் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் நிற்காமல் ஓடியபோதுதான் வெற்றிச்செல்விக்குச் சந்தேகம் வந்தது. திறந்து பார்த்தாள். ஃபிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. ஒரு படமும் பதியவில்லை. ஒரு சுற்றுகூடப் பிசகாமல் கம்பி சுற்றுகிறவள் செய்த வேலை! அவமானமாக இருந்தது.

அதற்குள் செங்கமலம் பட்டுச்சேலையை மாற்றி, பழைய சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்களோடு வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார். பாதிக் காடு காலி. மகள் மறைக்காமல் சொன்னாள். விட்டது சனியன் என்பார் என்று நினைத்தாள்.

"அப்ப இப்ப எடு," என்று எழுந்தார் அவர். "மொத வெள்ளாமை மறுபடி வராது."

வேறு சுருளை மாட்டி, அது சரியாகச் சுற்றுகிறதா என்று இரண்டு முறை பார்த்த பிறகே வெற்றிச்செல்வி பொத்தானை அழுத்தினாள்.

திருச்சியில் கழுவி வந்த படத்தைச் செங்கமலம் வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். மண் ஒட்டிய சட்டை, கை நிறைய வெங்காயம், காலடியில் தன் நிலம்.

"நிமிந்து நிக்கிறேன்ல?"

"நிமிந்துதாம்மா நிக்கிற."

"இதை யாராலயும் அழிக்க முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

"அப்ப பெருசாப் போட்டு உன் கடையில மாட்டு. ரோட்டுல போறவங்க எல்லாரும் பாக்கட்டும்."