பச்சைத் துணிக் கிதாபு

கற்பிட்டியில் எங்கள் மாமியிடம், அதாவது வாப்பாவின் தங்கையிடம், பச்சைத் துணியில் சுற்றிய ஒரு பழைய கிதாபு இருந்தது. குடும்பச் சாமான்களைப் பிரித்தபோது மற்றவர்கள் அலுமாரி, கதிரை, செப்புப் பானை என்று அள்ளிக்கொண்டு போக, மாமி இதை மட்டும் கேட்டு வாங்கினாராம். புத்தகத்தின் உள்ளே கையால் எழுதிய அரபு எழுத்து. யாரோ ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்த துஆப் பிரார்த்தனைகள் என்று நம்பிக்கை. மாமி ஓதப் பழகியது காதால் கேட்டுத்தான். எழுத்துக் கூட்டத் தெரியாது. மற்றவர்களோ மரியாதையோடு முத்தமிட்டதோடு சரி. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மாமி அதை நெற்றியில் ஒற்றுவார். பரீட்சைக்கும் ஒற்றுவார். காய்ச்சல் போனது, கணக்கில் நான் தேறியதில்லை.

பத்து வயதில் நான் குர்ஆனை முதன்முறை ஓதி முடித்தேன். மாமிக்கு என்னைவிடப் பெருமை. அந்த நோன்புப் பெருநாளன்று பகல் சாப்பாடு முடிந்ததும், வாப்பா, உம்மா, வாப்பாவின் தம்பி சாச்சா எல்லோரும் இருக்க, என்னைக் கைகால் கழுவி வுளூ எடுக்கச் சொல்லிக் கிதாபை என் முன் விரித்து வைத்தார்.

“ஓதுங்க மகள். எல்லாரும் கேக்கட்டும்.”

பிஸ்மில்லாஹ் தடங்கலின்றி வந்தது. அடுத்த வரியில் நாக்குத் தடுமாறியது. சில எழுத்துகளுக்கு நான் கண்டிராத புள்ளிகள். கூட்டிக் கூட்டிப் பார்த்தால், வாயில் வந்தது அரபு இல்லை, தமிழ்! ‘முட்டை பத்து. பனங்கட்டி ரெண்டு. தேங்காய்ல முதல் பால் மட்டும்.’

அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அது வட்டிலப்ப இனிப்புச் செய்முறை என்று பிடிபட்டதும் சாச்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இவ்வளவு காலமும் நாங்க வட்டிலப்பத்துக்கா முத்தம் குடுத்த?”

மாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றவர்கள் சிரித்தபடியே தேத்தண்ணி குடிக்க எழுந்து போனார்கள். மாமி அசையவில்லை.

“நிப்பாட்ட வேணாம். மிச்சத்தையும் ஓதுங்க” என்றார்.

ஓதினேன். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, பலகாரம் அனுப்பும் வேதக்காரர் வீட்டுக்குப் பெருநாளன்று ஒரு சட்டி போகவேண்டும் என்றிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பக்கம் ஒரு கரண்டிகூடப் போய் நான் கண்டதில்லை. கந்தூரிக்கு எத்தனை சஹன் தட்டுச் சோறு என்றும் இருந்தது. கந்தூரி என்றால் என்னவென்றே மாமியிடம் கேட்க வேண்டியிருந்தது; பெரியவர்கள் பேரில் ஊருக்கே சோறாக்கிப் போடுவதாம். அதற்கும் கீழே: ‘சின்னவ ஏலக்காய் மணத்துக்குத் துப்புவா. அவளுக்கு ஏலக்காய் போடாம ஒரு கோப்பை புறம்பா.’

“அதத் திருப்பி ஓதுங்க.”

வீட்டுக்குக் கடைக்குட்டி மாமிதான். அவருக்கு மூன்று வயது நிறையும் முன்பே அவருடைய உம்மா மவுத்தாகிவிட்டார். முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிகள்தான், தெரிந்து என்ன?

நான்கு தடவை ஓதவைத்தார். எங்காவது ஒரு குர்ஆன் ஆயத்து வந்து மானத்தைக் காப்பாற்றாதா என்று மாமி ஏங்குவதாக எனக்குப் பட்டது. பாவமாயிருந்தது. ஐந்தாம் தடவை, எழுத்தில் விரலை வைத்தபடியே, மனப்பாடமாகத் தெரிந்த குர்ஆன் சூரா ஒன்றை இராகம் போட்டு ஓதினேன்.

மாமி என் விரலைப் பிடித்துப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

“அது எனக்குத் தெரியும் மகள். இந்த ஏலக்காய ஓதுங்க.”

அவர் கண் கலங்கியிருந்தது. பெருநாளும் அதுவுமாக, சூராவை விட்டுவிட்டு ஏலக்காய்க்கு அழும் மாமிக்கு அல்லாஹ் மேலுள்ள ஈமான் குறைந்துவிட்டதோ என்று பயந்து, அன்று தொழுகையில் அவருக்காக நான் கூடுதலாக இரண்டு துஆ கேட்டேன்.